எச்சில் போத்தல்

வவுனிக்குளத்து வாய்க்கால் தெருவில் என் வீட்டுப் படலைதான் கடைசி வாசல். அதற்கு அப்பால் காடும், காட்டுக்குள்ளால் மாங்குளத்துக்கு எப்போதாவது ஒரு வண்டி போகிற பாதையும். போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. இங்கே வருகிறவர்கள் இங்கே வரவென்றே வரவேண்டும். அப்படி வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்க வந்தவர்கள் அல்ல, என் போத்தலைக் கேட்டு வந்தவர்கள். வந்தார்களே, அது போதும் என்று நானும் இருந்தேன்.

அந்தப் போத்தல் வந்த கதையைச் சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். கோடாலி வாங்கிவரச் சொல்லி முல்லைத்தீவுக்கு அனுப்பிய என் மனுசன் சின்னராசா, கோடாலி இல்லாமல் இதோடு வந்து நின்றார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்களாம். கதிரைக்கும் அலுமாரிக்கும் ஆட்கள் அடிபட, மூலையில் தூசி பிடித்துக் கிடந்த இதை யாரும் கேட்கவில்லையாம். குடியேறி முதல் வருசம். காணியில் பாதிக்கு மேல் பற்றைக்காடு. காடு வெட்டக் கண்ணாடி எதற்கு என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காணி நேசமலர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

மனுசன் போத்தலைக் கழுவி வெயிலில் பிடித்துக் காட்டினார். குண்டு வயிறு, குட்டைக் கழுத்து, கழுத்தைச் சுற்றி மூன்று வளையம், காளான் போல ஒரு கண்ணாடி மூடி. வயிற்றின் கீழ்ப்பாதியில் நெடுங்கோடுகள், மேற்பாதியில் சின்னச் சின்னக் கட்டங்கள். வெயில் அதற்குள்ளால் போய் முற்றத்து மண்ணில் விழுந்து ஆடியது. நேசமலரின் மகள் இரஞ்சிதம் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவள் அந்த வெளிச்சத்தைக் காலால் மிதிக்கப் போனாள். நான் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

சின்னராசா கலியாணத்துக்கு முன்னால் தெற்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் அச்சுப் பிடித்தவர். நெல் விதைப்பைப் பற்றிக் கேட்டால் நாலு சொல்லில் முடித்துவிடுவார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறிப்போகும். எத்தனையோ பின்னேரங்கள் இந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அது உண்டான விதத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

உலையில் மணலும் சாம்பலும் சுண்ணாம்பும் உருகிப் பாகாக இருக்கும். நீண்ட இரும்புக் குழாயின் நுனியை அதில் தோய்த்துச் சுழற்றி எடுத்து, மறு நுனியில் ஒருவன் வாய் வைத்து மெல்ல ஊதுவான். சின்னதாய் ஒரு குமிழ் வரும். அது செக்கச் செவேலென்று இருக்கும்போதே அச்சுக்குள் இறக்கவேண்டும். இந்தப் போத்தலின் அச்சு கதவுபோலப் பிணைச்சல் போட்ட மூன்று துண்டு. கீழே குந்தியிருக்கிறவன் அதைச் சாத்திப் பிடிக்க, மேலே நிற்கிறவன் தம் பிடித்து ஊதுவான். கண்ணாடி விரிந்துபோய் அச்சின் உட்சுவரில் அப்பும். சுவரில் குடைந்து வைத்த கோடும் கட்டமும் அப்படியே அதன் உடம்பில் பதியும். திறந்து எடுத்து, அடியில் வேறொரு கம்பியை ஒட்டித் தாங்கிக்கொண்டு கழுத்தை நீவிச் சரிப்பண்ணுவார்கள். வளையங்கள் பிறகு சுற்றுவது. கடைசியில் கம்பியைத் தட்டி முறித்தால் அடியில் ஒரு தழும்பு மிஞ்சும். அதை அவர் போத்தலின் தொப்புள் என்பார்.

அச்சுத் துண்டுகள் சந்தித்த இடங்களில் மயிரிழை போல மூன்று வரம்புகள் மேலிருந்து கீழே ஓடும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். இரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரம்புகளைத் தேடிப் பிடிப்பாள். உண்மையாகப் பட்டை வெட்டிய கண்ணாடி வாங்க வசதியில்லாத வெள்ளைக்காரருக்காக இப்படி அச்சில் ஊதிச் செய்தார்களாம். வெட்டின கண்ணாடி என்றால் விளிம்பு கையைக் கீறும். இது பாதி தேய்ந்த சவர்க்காரம் போல வழுவழுவென்று இருக்கும். வெள்ளைக்காரரிலும் நம்மைப்போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூடியைக் கழுத்துக்குள் வைத்துக் குருமணலும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பார்களாம். அந்த மூடி அந்தப் போத்தலுக்கு மட்டும்தான் பொருந்தும். போத்தலை உடனே வெளியே எடுக்கவும் கூடாது. சூட்டறைக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறிய கண்ணாடி வெளியில் நன்றாகத்தான் இருக்கும், ஒருநாள் காரணமில்லாமல் வெடிக்கும். “நீர் அவசரமாய் ஆறின கண்ணாடி” என்று என்னைப் பகிடி பண்ணுவார். அதற்கும் நான் வெடிப்பேன்.

இது எந்தக் காலத்துச் சாமான் என்று ஒருமுறை கேட்டேன். நூறு வருசத்துக்கு மேலே இருக்கும் என்றார். “ஊதினவன் செத்து மண்ணாய்ப் போயிருப்பான். அவன் விட்ட மூச்சின்ர அளவு இதுதான்” என்று போத்தலின் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளைக்காரன் இதில் சாராயம் ஊற்றி வைத்திருந்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நான் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சுடுதண்ணீர் மட்டும் விடவேண்டாம் என்று பக்கத்தில் காவல் நின்றார். அதோடு சாராயத்தின் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

குடியேற்றத்தில் நடந்த முதல் கலியாணத்தில் வாசலில் வைக்கப் பன்னீர்ச் செம்பு இல்லை. எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து சட்டி பானையோடு வந்தவர்கள், வெள்ளிச் செம்புக்கு எங்கே போவது. சின்னராசா போத்தலைக் கொண்டுபோய்ப் பன்னீர் நிரப்பிச் சந்தனத் தட்டத்தில் வைத்தார். வெயில் பட்டதும் அது செய்த வேலையைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் இது எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். அதிலிருந்து எந்தக் கலியாணமானாலும் அந்தப் போத்தல்தான். அது இல்லாமல் வைத்தால் வாசல் நிறையாது என்று ஊருக்குத் தலைவரான விதானையார் வீரகத்தியே சொன்னார்.

பிறகு ஒரு விடியப்புறம் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன மனுசனை வரம்பில் புடையன் பாம்பு கடித்தது. வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வந்து ஊருக்குக் கூப்பிட்டார். அண்ணன் வீட்டுக் குசினியில் ஒதுங்கிக் கிடப்பதைவிட என் காணியில் கிடக்கலாம் என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகு பேச்சுக்கு ஆள் இல்லாமல் இருப்பது என்ன என்று, இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கைம்பெண்ணான பிறகு கலியாண வாசலில் எனக்கு இடமில்லை. நான் முகம் காட்டினால் சகுனம் பிழை. என் போத்தல் முகம் காட்டாவிட்டால் வாசல் நிறையாது. இதில் இருந்த வேடிக்கையை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் முதல்நாள் இரஞ்சிதம் போத்தலை எடுத்துப்போக வருவாள், முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவாள். திருப்பிக் கொண்டுவருகிற அன்று குந்தியிருந்து, யார் என்ன சேலை, எந்தப் பந்தியில் சண்டை, மாப்பிள்ளை எப்படி முழித்தான் என்றெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் வளர்ந்து பெரிய பிள்ளையான பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு அந்தக் கலியாணங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்தன.

எல்லாம் முடிந்தது விதானையார் மகனின் கலியாணத்தில். நான் பின்பக்கம் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். பொம்பிளை வீட்டுப் பகுதியில் யோகநாதன் என்று ஒரு பெடியன், கொழும்பில் கிளாக்கர் வேலை. வாசலில் வந்தவன் போத்தலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தானாம். கொழும்பில் துரைமார் போகிற இடத்தில் இதே மாதிரிப் போத்தலில்தான் விஸ்கி வைத்திருப்பார்கள், இங்கே பன்னீர் தெளிக்கிறீர்களே என்றானாம். அவன் பகிடிக்குத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் விதானையார் என்னை முன்னுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கலியாண வீட்டில் என்னை முன்னுக்குக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

“பிள்ளை, இது சாராயப் போத்திலோ?” என்று கேட்டார்.

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். என் வாய்க்கு அது வராது.

“ஓம். வெள்ளைக்காரன் வைச்சிருக்கேக்க சாராயம். நான் வைச்சிருக்கேக்க பன்னீர்” என்றேன்.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் வழக்கு. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்த்தால் தீட்டுப் போய்விடும் என்றார் ஒருவர். மண்சட்டி என்றால் உடைத்து எறியத்தான் வேண்டும் என்றார் இன்னொருவர். கண்ணாடி பித்தளைச் சாதியா மண்சட்டிச் சாதியா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் விதானையார் என்னையே பார்த்தார். என் மனுசன் கண்ணாடி வேலை செய்தவர் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கேட்டது எனக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். மனுசன் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். மணலும் சாம்பலும் சுண்ணாம்பும்தான் கண்ணாடி, அதிலே எதற்குத் தீட்டு என்று கேட்டேன். சாம்பலை நாங்கள் நெற்றியில் பூசுகிறோம், சுண்ணாம்பை வெற்றிலையோடு தின்னுகிறோம் என்றேன். மணலே உருகுகிற நெருப்பில் கிடந்து வந்த சாமானில் ஒரு தீட்டும் நில்லாது என்றேன். தலைகள் ஆடின. விதானையாரின் முகம் கூடத் தெளிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நேசமலர் கூட்டத்துக்குள் நின்று, போதும் என்று கண்ணைக் காட்டினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு முற்றம் நிறைந்த சனம் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. குழாயைச் சொன்னேன், குமிழைச் சொன்னேன், அச்சைச் சாத்திப் பிடிப்பதைக் கையால் செய்து காட்டினேன், தம் பிடித்து ஊதுவதையும் சொன்னேன்.

“அப்ப இது ஒருத்தன் வாய் வைச்சு ஊதினதோ?” என்று கேட்டார் விதானையார்.

“ஓம். ஊதாமல் கண்ணாடிக்கு வயிறு வராது.”

“எச்சில்” என்று பின்னாலே ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது. அதற்கு மேலே வழக்கு இல்லை. சாராயத்தைக் கழுவலாம், எச்சிலிலேயே உண்டான சாமானை என்ன செய்வது. யாரோ எந்த நாட்டிலோ என்ன தின்ற வாயாலோ ஊதிய போத்தலால் இத்தனை நாளும் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பன்னீர் தெளித்திருக்கிறோம் என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். பன்னீரை வாழையடியில் ஊற்றினார்கள். போத்தலை ஒரு வாழையிலைத் துண்டால் பிடித்து என் கையில் தந்தார்கள். நான் என் சேலைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாதி வழி வந்த பிறகுதான் நாதசுரக்காரரின் நினைவு வந்தது. நான் வழக்குச் சொல்லி நின்ற நேரம் முழுவதும் அவர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சீவாளியை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊதலில்தான் தாலி ஏறப்போகிறது. அதைச் சொல்லியிருந்தால் விதானையார் என்ன செய்திருப்பார் என்று தெருவில் நின்று தனியே சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போய்ச் சொல்வதற்கு, கேட்கிறவர்கள் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

அதன்பிறகு யாரும் வரவில்லை. மேளச் சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். யாருடைய கலியாணம் என்று யோசித்துப் பார்ப்பேன். துணுக்காயில் யாரோ வெள்ளிச் செம்பு வாடகைக்கு விடுகிறார்களாம், சங்கக் கடையில் சனம் பேசிக் கேட்டேன். இரஞ்சிதத்தை நேசமலர் அனுப்பவில்லை. வேலியால் கூப்பிட்டால் அடுப்பில் வேலை என்று தாய்தான் பதில் சொல்வாள். சும்மா கிடக்கிற போத்தலைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் குடிக்க வைத்துக்கொண்டேன். குடிக்கிறபோதும் வழக்கம்போல வாயில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பேன். சில நாட்களில் வாய்விட்டுச் சொன்ன ஒரே பேச்சு நாயைத் துரத்தியதாகத்தான் இருக்கும்.

இரஞ்சிதத்துக்கு விசுவமடுவில் மாப்பிள்ளை சரிவந்தது. நேசமலர் வந்து படலைக்கு வெளியே நின்று சொன்னாள். சொல்லிவிட்டுப் போகாமல் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். தாலி கட்டி முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை கார் இந்தப் பாதையால்தான் போகவேண்டும் என்றாள். அவள் எதற்கு வந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுடைய வாயால் அதைச் சொல்லவைக்க எனக்கு விருப்பமில்லை.

“நீ யோசியாதை. நான் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருப்பன்” என்றேன்.

அவள் அழுதாள். அழுதாலும், இல்லை அக்கா நீங்கள் வெளியில் நில்லுங்கோ என்று சொல்லவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தப் பிள்ளையைக் கூறைச் சேலையோடு ஒரு தடவை பார்க்கவேண்டும். எத்தனை பொம்பிளைகளின் சேலையை அவள் வாயால் கேட்டிருக்கிறேன், அவளுடைய சேலையைச் சொல்ல அவள் வரமாட்டாள். வேலி ஓட்டைக்குள்ளால் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். கலியாணத்துக்கு முதல் கிழமை நேசமலரின் ஆட்கள் வந்து தெருப்பக்க வேலியைப் புது ஓலை வைத்து இறுக்கி அடைத்துத் தந்துவிட்டுப் போனார்கள். கூலி கூட வாங்கவில்லை. ஒரு விரல் நுழைய இடமில்லாத நல்ல வேலி.

கலியாணத்தன்று சொன்ன சொல்லுப்படி படலையைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, குசினி வாசலில் குந்தியிருந்தேன். மேளம் கெட்டியாகக் கேட்டபோது தாலி ஏறுகிறது என்று கையைக் கூப்பினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. வெயில் சாயத் தொடங்க, கார் மணலில் இரைந்துகொண்டு வருவது கேட்டது. இதோ வேலிக்கு அந்தப் பக்கம், இப்போது பனையடி, இப்போது படலை என்று சத்தத்தை வைத்தே பார்த்துக்கொண்டிருந்தேன். படலையடியில் சத்தம் நின்றுவிட்டது.

கார் புதைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு திறந்தது. பிள்ளை இறங்காதை என்று, வழியனுப்பக் கூடவே நடந்து வந்த நேசமலர் சொல்வது கேட்டது. வேறு குரல்களும் கேட்டன. பிறகு படலைக் கயிற்றை யாரோ அவிழ்க்கத் தெரியாமல் இழுத்தார்கள்.

“மாமி, விடாய்க்குது. தண்ணி தாங்கோ.”

விடியத் தொடங்கி விரதம் இருந்த பிள்ளை. தண்ணீர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா. காரில் இளநீர் இருக்கிறது, சோடா இருக்கிறது என்று மாப்பிள்ளையின் தாய் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்ப் படலைக் கயிற்றை அவிழ்த்தேன், அப்படியே குசினிக்குத் திரும்பிச் செம்பை எடுத்தேன். அவள் என் பின்னாலேயே முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

“செம்பில வேண்டாம். அந்தப் போத்திலில தாங்கோ” என்றாள்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அரக்குச் சிவப்புக் கூறை. பெரிய சரிகைக் கரை. நெற்றியில் வியர்த்துக் குங்குமம் கொஞ்சம் வழிந்திருந்தது. போத்தலை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். படலையடியில் நேசமலரும் மாப்பிள்ளையும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காரின் கண்ணாடிக்குள்ளால் எத்தனையோ முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அண்ணாந்து குடிக்கவில்லை. போத்தலின் வாயில் தன் உதட்டை வைத்துக் குடித்தாள். அவசரப்படாமல் குடித்தாள். குடிக்கிறபோது அவளுடைய பெருவிரல் போத்தலின் வயிற்றில் அந்த வரம்பைத் தேடிக்கொண்டிருந்தது. குடித்து முடித்து வாயைத் துடைக்காமல் போத்தலை என்னிடம் தந்து, குனிந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நான் படலையைச் சாத்தவில்லை. கார் காட்டுக்குள் போய் அதன் புழுதியும் அடங்கும்வரை தெருவில் நின்றேன். நேசமலர் தன் வீட்டுக்கு நடந்தாள். இனி அந்தப் பிள்ளை எப்போது வருவாளோ, விசுவமடு எனக்குப் போய் வருகிற தூரமும் அல்ல. முற்றத்துக்குத் திரும்பி வந்தபோது வீடு முன்பு இருந்த மாதிரியே இருந்தது.

போத்தலில் கொஞ்சத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதன் வாயோரம் இன்னும் ஈரம் காயவில்லை. நான் அந்த ஈரத்திலேயே வாயை வைத்தேன். மனுசன் போன நாளுக்குப் பிறகு இன்னொருவரின் எச்சில் என் வாயில் பட்டது அன்றுதான். தண்ணீர் முடியும்வரை அப்படியே நின்று குடித்தேன்.